துப்பியதும் விழுங்கியதும்

ஏப்ரல் 3, புதன்

எங்கள் ஓட்டலில் சிற்றுண்டிக் கூடத்தை மூடப்போகிறார்களாம். இத்தனை வருடமாக நான் இட்லியும் ஆம்லெட்டும் பரிமாறிய இடம். கடலைப் பார்த்த பெரிய ஜன்னல் இருக்கிறதல்லவா, அதனால் அங்கே ஒயின் அறை வரப்போகிறது. இட்லி மாடிக்குப் போகிறது. மாடியில் ஏற்கனவே ஆட்கள் இருக்கிறார்கள். கீழே பரிமாறிய நாங்கள் எங்கே போவது என்று யாரும் சொல்லவில்லை.

மேனேஜர் லோகநாதன் எங்களை வரிசையாக நிற்க வைத்து, "ஒயின் அறைக்கு ஒருத்தர் வேணும். ஆறு வாரம் பயிற்சி. விருப்பம் இருக்கிறவங்க பேர் கொடுங்க" என்றார். நானும் ஹெலனும் கொடுத்தோம். மற்றவர்களுக்கு வீட்டில் கேட்க வேண்டுமாம். எனக்குக் கேட்க யாருமில்லை. என் வீட்டுக்காரர் தனசேகர் சாராயம் குடித்தே போய்ச் சேர்ந்தார். நாலு வருடம் ஆகிறது. வேதவல்லி ஒரு சொட்டு கண்ணீர் விடவில்லை என்று நெல்லித்தோப்பு முழுக்கப் பேசினார்கள். பேசிவிட்டுப் போகட்டும்.

பயிற்சி கொடுக்க அந்துவான் என்று ஒரு காரைக்கால் பையன் வந்திருக்கிறான். முப்பது வயது இருக்கும், பிரான்சில் படித்தவன். ஆளுக்கொரு டைரி கொடுத்து, ருசி பார்த்ததை அன்றன்றே எழுதச் சொன்னான். ருசியை மட்டும் எழுதுகிற ஆள் நான் இல்லை, ஆனால் டைரி நல்ல டைரி.

ஒயின் சாராயம் இல்லை, திராட்சை. அதோடு பயிற்சியில் யாரும் குடிப்பதில்லையாம். வாயில் ஊற்றிச் சுழற்றிவிட்டுத் துப்பிவிட வேண்டுமாம்.

மகளிடம் வேலையைப் பற்றிச் சொன்னேன். பிரதீபா பன்னிரண்டாம் வகுப்புப் பரீட்சை எழுதிவிட்டு வீட்டில்தான் இருக்கிறாள்.

"பரிமாறுற வேலைதானே?"

"பரிமாறுற வேலைதான்."

"வாயில வைக்கச் சொல்வாங்களா?"

"என்னடி கேள்வி இது?"

"வெச்சேன்னு தெரிஞ்சுது, நான் செண்பகம் அத்தை வீட்டுக்குப் போயிடுவேன். திரும்பி வர மாட்டேன்."

சொன்னால் செய்கிறவள். அந்தப் பிடிவாதம் என்னிடமிருந்துதான் போயிருக்கிறது. துப்பும் விஷயத்தை அவளிடம் இப்போதைக்குச் சொல்ல வேண்டாம் என்று விட்டுவிட்டேன்.

ஏப்ரல் 5, வெள்ளி

முதல் பாடம் வெள்ளை. வெள்ளை என்கிறார்களே தவிர, இளம் மஞ்சள். திராட்சையைப் பிழிந்து தோலை எடுத்துவிட்டுச் சாற்றை மட்டும் புளிக்கவைத்தால் வெள்ளை. தோலோடு ஊறவிட்டால் சிவப்பு. நிறம் முழுக்கத் தோலில்தான் இருக்கிறதாம்.

கண்ணாடிக் கோப்பையின் காலைப் பிடித்து மெதுவாகச் சுழற்றி, மூக்கை உள்ளே விட்டு முகர வேண்டும். ஹெலன், "ஒண்ணும் தெரியலை சார், ஸ்பிரிட் வாசனைதான் வருது" என்றாள். எனக்குத் தெரிந்தது. முதலில் கொய்யா, அதுவும் நன்றாகப் பழுத்தது இல்லை, செங்காய். அப்புறம் பச்சை மாங்காயை நறுக்கும்போது கையில் ஒட்டுகிற பால். சொன்னேன். அந்துவான் என்னை ஒரு மாதிரி பார்த்துவிட்டு, "அக்கா, இதுக்கு முன்னாடி எங்கயாவது கத்துக்கிட்டீங்களா?" என்றான். மாங்காய் நறுக்கக் கற்றுக்கொள்ள வேண்டுமா என்ன?

துப்புவதுதான் கஷ்டம். ஒவ்வொருவர் பக்கத்திலும் ஒரு எவர்சில்வர் பாத்திரம். பெண் பிள்ளை நாலு பேர் முன்னால் துப்பக் கூடாது என்று சொல்லியே வளர்ந்தோம், இப்போது சம்பளம் கொடுத்துத் துப்பச் சொல்கிறார்கள். ஹெலனுக்குச் சிரிப்பு அடக்க முடியாமல் புடவை நனைந்தது. நான் ஒழுங்காகத் துப்பினேன். வாய் முழுக்கப் புளிப்பு நின்றது, நன்றாகத்தான் இருந்தது.

ஏப்ரல் 8, திங்கள்

சிவப்பு. அந்துவான் ஒரு ஆங்கில வார்த்தையைச் சொல்லி, நாக்கு காய்ந்து இழுக்கிற மாதிரி இருக்கும், ஈறு சுருங்கும் என்று கையை ஆட்டி ஆட்டி விளக்கினான். "துவர்ப்புன்னு சொல்லுங்க தம்பி" என்றேன். வாழைப்பூவை அரைகுறையாக வேகவைத்துச் சாப்பிட்டால் வருவது. பாக்கை மென்றால் வருவது. அவன், "அதேதான், அதேதான்" என்று பலகையில் தமிழிலேயே எழுதிவிட்டான். பிரான்சில் அது புரிய அவனுக்கு ஒரு வாரம் பிடித்ததாம்.

புதிதாக வருகிறவர் எந்த ஒயின் வாங்குவது என்று முழிப்பார். அவரிடம் பெயர், ஊர், வருடம் எல்லாம் சொல்லி மிரட்டக் கூடாது. இனிப்பாக வேண்டுமா, வேண்டாமா? புளிப்பு பிடிக்குமா, துவர்ப்பு பிடிக்குமா? மோர் மாதிரி லேசாக வேண்டுமா, தயிர் மாதிரி கனமாக வேண்டுமா? இதைக் கேட்டாலே பாதி வேலை முடிந்தது. சாப்பாடு லேசு என்றால் ஒயினும் லேசு, சாப்பாடு கனம் என்றால் ஒயினும் கனம். மீனுக்கு வெள்ளை, ஆட்டுக்கறிக்குச் சிவப்பு என்பது ஆரம்பப் பாடம். ஆனால் மீன் வறுவல் வேறு, மீன் குழம்பு வேறு. காரத்தோடு துவர்ப்பு சேர்ந்தால் வாய் எரியும். காரசாரமான குழம்புக்குக் கொஞ்சம் இனிப்பு உள்ள வெள்ளைதான் சரி.

துப்பினேன். எல்லாவற்றையும்.

ஏப்ரல் 9, செவ்வாய்

காஸ் பதிவு செய்ய வேண்டும். தீபாவுக்குச் செருப்பு. தையல்காரரிடம் ரவிக்கை.

ஏப்ரல் 12, வெள்ளி

போய்விட்டாள்.

சாயங்காலம் ஆட்டோவிலிருந்து இறங்கினேன். வாசலில் நின்றிருந்தவள் பையை வாங்க வந்தாள், வந்தவள் அப்படியே நின்றுவிட்டாள். அந்தப் பார்வை எனக்குத் தெரியும். அவள் அப்பா உயிரோடு இருந்தபோது வாசலில் முதலில் போய் நிற்பது அவள்தான். அவர் கழுத்தைக் கட்டிக்கொள்வாள், உள்ளே வந்து என்னைப் பார்த்து ஆமாம் என்றோ இல்லை என்றோ தலையை ஆட்டுவாள். யாரும் அவளுக்குச் சொல்லிக்கொடுக்கவில்லை.

"குடிச்சியா?"

"இல்லடி. வாயில வெச்சுத் துப்பினேன். பயிற்சியில அப்படித்தான்."

"பரிமாறுற வேலைதான்னு சொன்ன."

"துப்பிட்டேன்னு சொல்றேன்ல?"

"வாசனை வருதே."

துப்பினவளுக்கும் விழுங்கினவளுக்கும் வாய் வாசனை ஒன்றுதான். சத்தியம் பண்ணினேன். சத்தியம் நிறையக் கேட்டிருக்கிறாள் இந்த வீட்டில். துணியை எடுத்து வைத்துக்கொண்டு வில்லியனூர் பஸ் ஏறிவிட்டாள். செண்பகம் அவள் அப்பாவின் தங்கை. தீபா வந்துவிட்டாள் என்று மட்டும் சொல்லிப் போனை வைத்துவிட்டாள்.

ஒரு சொட்டுகூட விழுங்காதவளைக் குடிகாரி என்று விட்டுப் போய்விட்டாள். ஆத்திரமாக வருகிறது. அழுகையும் வருகிறது.

ஏப்ரல் 14, ஞாயிறு

சித்திரைப் பிறப்பு. மாங்காய்ப் பச்சடி செய்தேன், வேப்பம்பூ போட்டு. ஒரு ஆளுக்கு எவ்வளவு செய்வது என்று தெரியவில்லை. போன் பண்ணினேன், எடுக்கவில்லை. ஹெலன் வந்து கொஞ்சம் சாப்பிட்டாள்.

ஏப்ரல் 15, திங்கள்

அவமானம்.

பயிற்சியில் இருப்பவர்களே இன்று மதியம் மேஜைக்குப் பரிமாற வேண்டும் என்றார் லோகநாதன். சிவப்பு ஒயினை அறைச் சூட்டில் பரிமாற வேண்டும் என்பது பாடம். அதன்படி காலையிலேயே பாட்டில்களை எடுத்து அந்தப் பெரிய ஜன்னலோரம் அழகாக அடுக்கினேன். சித்திரை வெயில். பெல்ஜியத்திலிருந்து வந்திருந்த ஒரு பெரியவர் ஒரு வாய் குடித்துவிட்டுக் கோப்பையைக் கீழே வைத்தார். பிறகு சிரித்துக்கொண்டே, சூப்பை நான் கேட்கவில்லையே என்றார். நல்ல மனுஷன். ஆனால் லோகநாதன் நல்ல மனுஷன் இல்லை. எல்லார் முன்னாலும், "இட்லிய ஆவி பறக்கக் கொண்டாந்து வைக்கிற பழக்கம் போகலை பாருங்க" என்றார்.

அந்துவான்தான் பின்னால் வந்து சொன்னான். "தப்பு என்மேலதான் அக்கா. புத்தகத்துல சொல்ற அறை பாரிஸ்ல இருக்கு. நம்ம அறை பாண்டிச்சேரியில இருக்கு. இங்க சிவப்பையும் கொஞ்ச நேரம் ஃப்ரிட்ஜ்ல வெச்சு எடுத்தாத்தான் சரியா வரும். வெள்ளையை ரொம்ப ஜில்லுனு கொடுத்தா வாசனையே செத்துடும். ரெண்டுக்கும் நடுவுலதான் நம்ம பொழப்பு."

எழுதிக்கொண்டேன். அழக் கூடாது என்று கோப்பைகளைத் துடைக்கப் போனேன். அந்தச் சூடான பாட்டில் பாதிக்கு மேல் அப்படியே இருந்தது. எப்படி மாறியிருக்கிறது என்று பார்ப்பதற்காக ஒரு வாய் எடுத்தேன். பக்கத்தில் துப்புகிற பாத்திரம் இல்லை. தெரியாமல் உள்ளே போய்விட்டது.

ஏப்ரல் 18, வியாழன்

தேர்தல் என்று மூன்று நாளைக்கு மது கிடையாது. பயிற்சியும் கிடையாது. வீட்டில் பரணை ஒழித்தேன், மிளகாய்ப் பொடி திரித்தேன், ஜன்னல் கம்பியைக்கூடத் துடைத்தேன். நாலு மணிக்கு மேல் ஒன்றும் பிடிக்கவில்லை. பால்காரரிடம் காரணமில்லாமல் கத்திவிட்டேன். பாவம் மனுஷன், பாலில் தண்ணீர் இருக்கிறது என்று நான் சொன்னதும் திருப்பி ஒன்றும் பேசவில்லை, உண்மையாகவே இருக்கும் போலிருக்கிறது.

பிள்ளை இல்லாத வீடு. அதனால்தான் இப்படி இருக்கிறது.

ஏப்ரல் 20, சனி

பயிற்சி திரும்ப ஆரம்பம். ரொம்ப சந்தோஷமாக வேலைக்குப் போனேன்.

ஏப்ரல் 24, புதன்

இன்று ஒரு நல்ல காரியம் செய்தேன். ஓர் இளம் ஜோடி, சேலத்துப் பக்கம். கல்யாணமாகி ஒரு வருடமாம். ஒயின் பட்டியலைப் பார்த்து அந்தப் பையனுக்கு வேர்த்துவிட்டது. எல்லாவற்றிலும் விலை அதிகமானதைக் காட்டி, "இது" என்றான். சரியான துவர்ப்புள்ள சிவப்பு. அவர்கள் கேட்டிருந்தது இறால் தொக்கு.

"தம்பி, இதுக்கு முன்னாடி குடிச்சிருக்கீங்களா?"

மனைவியைப் பார்த்தான். அவள் தலையைக் குனிந்துகொண்டு, "ரெண்டு பேருமே இல்லக்கா" என்றாள்.

"உங்களுக்குத் திராட்சை ஜூஸ் பிடிக்குமா, எலுமிச்சை ஜூஸ் பிடிக்குமா?"

"எலுமிச்சை."

லேசான வெள்ளை ஒன்றைக் கொண்டுவந்தேன், ஓரத்தில் கொஞ்சமே கொஞ்சம் இனிப்பு. பாட்டிலாக வேண்டாம், கோப்பையாக வாங்குங்கள், பிடிக்கவில்லை என்றால் விட்டுவிடலாம் என்றேன். அந்தப் பெண் ஒரு வாய் குடித்துவிட்டுக் கண்ணை விரித்தாள். போகும்போது என் கையைப் பிடித்துக்கொண்டாள். அவளுக்கு என் தீபாவைவிட நாலைந்து வயது கூட இருக்கலாம்.

அந்துவான் இப்போது பின்சுவையைப் பற்றிச் சொல்லிக்கொடுக்கிறான். வாயைவிட்டுப் போன பிறகு எவ்வளவு நேரம் நிற்கிறது என்று பார்க்க வேண்டும். துப்பினாலே தெரியும், பழக வேண்டும் என்கிறான். எனக்குத் துப்பினால் தெரியவில்லை. கொஞ்சம் விழுங்கினால்தான் தெரிகிறது. தொழிலுக்காகத்தான்.

சாயங்காலம் மிச்சமாகிற பாட்டில்களைக் கழுவுதொட்டியில் கொட்டிவிடச் சொல்கிறார்கள். மறுநாளைக்கு வைத்தால் சில கெட்டுப்போகும், சில போகாது. எது எது என்று யாராவது பார்க்க வேண்டுமே. நான் பார்க்கிறேன்.

ஏப்ரல் 26, வெள்ளி

தலைவலி. வெயில்.

பால் பொங்கி அடுப்பு அணைந்து, காஸ் வாசனை வீடு முழுக்க. பக்கத்து வீட்டுக்காரர் கதவைத் தட்டித்தான் எனக்குத் தெரிந்தது.

ஏப்ரல் 28, ஞாயிறு

வில்லியனூர் போனேன். நாள் முழுக்க வாயில் ஒன்றும் வைக்காமல்தான் போனேன்.

செண்பகம் வாசலிலேயே மறித்தாள். "அண்ணி, எங்க அண்ணன் செஞ்சதுக்கு நான் உங்களுக்கு ஒரு பதிலும் சொல்ல முடியாது. ஆனா அந்தப் புள்ள ரெண்டாவது தடவை அதைப் பார்க்கணுமா?"

"நான் துப்பிடறேன் செண்பகம்."

"அதை அவகிட்ட சொல்லுங்க."

பிரதீபா உள்ளே துணி மடித்துக்கொண்டிருந்தாள். இளைத்திருந்தாள். "நீ நம்ப வேணாம்டி. வந்து பாரு. ஒரு நாள் வந்து உக்காந்து உன் கண்ணால பாரு, அப்புறம் முடிவு பண்ணு" என்றேன். மடித்த துணியையே திரும்ப மடித்தாள். பிறகு, "எப்போ?" என்றாள்.

எனக்கு அவள் வேண்டும். வேறு என்ன எழுதினாலும் எழுதாவிட்டாலும், எனக்கு என் பிள்ளை வேண்டும்.

மே 3, வெள்ளி

அந்துவானிடம் அனுமதி கேட்டு அவளை அழைத்துப் போனேன். வாசலோரம் ஒரு நாற்காலியில் முதுகை நேராக வைத்துக்கொண்டு, பரீட்சைக்கு மேற்பார்வை பார்ப்பவள் போல உட்கார்ந்தாள். ஆறு கோப்பை. பெயர் தெரியாதபடி துணி சுற்றிய பாட்டில்கள். நான் முகர்ந்தேன், வாயில் வைத்தேன், சொன்னேன், துப்பினேன். ஆறையும் துப்பினேன், பாத்திரத்தில் விழுகிற சத்தம் அவளுக்குக் கேட்கும்படி. ஐந்தைச் சரியாகச் சொன்னேன்.

முடிந்ததும் அவளே எழுந்து வந்து என் பாத்திரத்தை எட்டிப் பார்த்தாள். அந்துவான், "அம்மாவுக்கு மூக்கு ரொம்ப நல்ல மூக்கு" என்றான். "எனக்கும்தான்" என்றாள் அவள், சிரிக்காமல்.

கடற்கரைச் சாலையில் நடந்தோம். ஐஸ்கிரீம் வாங்கினோம். பாறைப் பக்கம் உட்கார்ந்ததும் என் தோளில் சாய்ந்து அழுதாள். "சாரிம்மா. நீ நெஜமாவே துப்பினியா. நான் உன்னைப் போய்..." என்றாள். அவள் தலையைத் தடவிக்கொண்டே இருந்தேன். ஐஸ்கிரீம் உருகிக் கையெல்லாம் வழிந்தது.

இன்று எல்லாவற்றையும் துப்பினேன்.

மே 5, ஞாயிறு

பிரதீபா வீட்டுக்கு வந்துவிட்டாள். வரும்போதே மீன் வாங்கிக்கொண்டு வந்தாள். வீடு வீடாக இருக்கிறது.

மே 8, புதன்

இன்று எனக்கு வார விடுமுறை. இருந்தாலும் சரக்கு இருப்பு பார்க்க ஓட்டலுக்கு ஒரு நடை போய்வந்தேன்.

அந்துவான் அங்கே இருந்தான். கோப்பைகளை வரிசையாக வைத்து நான் பழகிக்கொண்டிருந்தபோது பக்கத்தில் வந்து நின்றான். என் பாத்திரத்தைப் பார்த்தான். "அக்கா, பாத்திரம் காஞ்சு கிடக்கே" என்றான். இப்போதுதான் கழுவி வைத்தேன் என்றேன். போகும்போது, "எங்க தொழில்ல இது நடக்கும். நடக்குதுன்னா சொல்லுங்க, வெட்கப்பட வேண்டாம்" என்றான்.

என் தம்பி வயது. எனக்குப் புத்தி சொல்ல வந்துவிட்டான். குடிகாரனோடு பதினைந்து வருடம் குடித்தனம் பண்ணியவளுக்கு, குடி என்றால் என்ன என்று இவன் சொல்ல வேண்டுமா? தள்ளாடினேனா? விழுந்தேனா? யாரையாவது அடித்தேனா?

கிராம்பு வாங்க வேண்டும், தீர்ந்துவிட்டது.

மே 12, ஞாயிறு

வேலை எனக்கே கிடைத்தது. ஹெலனை மாடிக்கு எடுத்துக்கொண்டார்கள், நல்லதுதான், அவளுக்கும் சந்தோஷம். திங்கள் முதல் பகல் ஷிஃப்ட், ஐந்து மணிக்கு வீட்டுக்கு வந்துவிடலாம். திராட்சைக் கொத்து பொறித்த பித்தளை பேட்ஜ் கொடுத்தார்கள். அந்துவான் கொடுக்கும்போது என் முகத்தைப் பார்த்தான். நான் பேட்ஜைப் பார்த்தேன்.

பிரதீபா அதைப் புடவையில் குத்திப் பார்த்துப் படம் எடுத்தாள். பிறகு செண்பகத்துக்குப் போன் போட்டாள். நான் சமையலறையில் இருந்தேன், எல்லாம் கேட்டது.

"அத்தை, எங்கம்மாதான் செலக்ட் ஆயிருக்கு! ஆறு கிளாஸ் வெச்சா ஆறையும் கண்டுபிடிக்கும். ஒரு சொட்டு உள்ள போகாது, தெரியுமா? எல்லாத்தையும் துப்பிடும். நானே பார்த்தேன்."

வெங்காயம் நறுக்கிக்கொண்டிருந்தேன். கத்தியைக் கீழே வைத்துவிட்டுக் குழாயைத் திறந்து விட்டேன்.

மே 14, செவ்வாய்

அவள் இப்போது வாசலில் வந்து நிற்பதில்லை. உள்ளேயிருந்தே, "வந்துட்டியாம்மா, காபி போடவா?" என்கிறாள். என் பக்கத்தில் வந்து உட்கார்ந்து டீ.வி. பார்க்கிறாள். வாசனை அவளுக்குத் தெரியாமலா இருக்கும்? தெரிகிறது. துப்பினதின் வாசனை என்று நினைத்துக்கொள்கிறாள்.

துப்பியபோது நம்பவில்லை. விழுங்குகிறேன், இப்போது நம்புகிறாள்.

எழுதிவிட்டேன். இதுவரை இந்த வார்த்தையை இப்படி எழுதவில்லை. பின்சுவைக்காக என்று எழுதினேன், கெட்டுப்போயிருக்கிறதா என்று பார்க்க என்று எழுதினேன். இன்று மூன்று மணிக்கு நான் குடித்தது எதற்காகவும் இல்லை. மூன்று மணி ஆகிவிட்டது, அதனால் குடித்தேன்.

தனசேகரை நினைத்துக்கொண்டேன். ஓர் ஆள் எதற்காகக் குடிப்பான் என்று ஆயிரம் தடவை அவரைக் கேட்டிருக்கிறேன். அவர் தரையைப் பார்த்துக்கொண்டு நிற்பார். பதில் இருந்து மறைக்கிறார் என்றுதான் நினைத்தேன். அவரிடம் பதில் இல்லை. பாவம், அவரிடம் பதிலே இருந்திருக்காது. நாலு வருடம் கழித்து இன்று அந்த மனுஷனுக்காக அழுதேன். நன்றாக அழுதேன்.

மே 16, வியாழன்

சொல்லிவிட்டேன்.

காலையில் உப்புமா சாப்பிட்டுக்கொண்டிருந்தாள். கல்லூரி விண்ணப்பத்தைப் பற்றி ஏதோ சொல்லிக்கொண்டிருந்தாள். நடுவில் புகுந்தேன். இல்லையென்றால் சொல்லியிருக்கவே மாட்டேன்.

"தீபா, நான் துப்பலை."

"எதைம்மா?"

"ஒயினை. விழுங்கிட்டேன்."

"எப்போ?"

"நிறைய நாள்."

"என்னை உக்கார வெச்சுக் காட்டினியே."

"அன்னைக்குத் துப்பினேன். அதுக்கு முன்னாடியும் விழுங்கியிருக்கேன். அப்புறமும்."

தட்டை எடுத்துக்கொண்டு எழுந்தாள். கழுவிக் கவிழ்த்தாள். உள்ளே போய் அலமாரியைத் திறக்கிற சத்தம் கேட்டது. நான் எழுந்து போகவில்லை. எந்த முகத்தோடு தடுப்பது? பையைத் தோளில் மாட்டிக்கொண்டு வந்து நடுவீட்டில் நின்றாள். முகம் சிவந்திருந்தது.

"நான்தான் கேட்கவே இல்லையே. எதுக்குச் சொன்ன?"

"நீ கேட்காம இருந்ததுதான்டி தாங்க முடியலை."

வெளியே காய்கறி வண்டிக்காரர் கூவிக்கொண்டு போனார். பிறகு அவள் பேசினாள், என்னைப் பார்த்து இல்லை, சுவரைப் பார்த்து.

"அப்பா ஒரு நாள்கூடச் சொன்னதில்ல. ஆஸ்பத்திரியில மூக்குல ட்யூபோட படுத்துக்கிட்டு, 'குடிக்கலைடா கண்ணு'ன்னாரு. எனக்குத் தெரியும்னு அவருக்கும் தெரியும். கடைசி வரைக்கும் குடிக்கலைன்னுதான் சொன்னாரு."

"வேலைய விட்டுடவா?"

"அது உன் இஷ்டம். எனக்குத் தெரியாது." மூக்கை உறிஞ்சினாள். "நான் இனிமே மோந்து பார்க்க மாட்டேன். சின்ன வயசுலேருந்து பார்த்துப் பார்த்து எனக்கு வெறுத்துப்போச்சு. நீயா வந்து சொல்லு. துப்பினா துப்பினேன்னு சொல்லு. விழுங்கினா விழுங்கினேன்னு சொல்லு. ஒரு நாள் மறைச்சன்னு தெரிஞ்சாலும் நான் போயிடுவேன். அப்புறம் நீ வில்லியனூர் வந்து கூப்பிடக் கூடாது."

பையைக் கழற்றி நாற்காலியில் வைத்தாள். துணியை எடுத்து அலமாரியில் வைக்கவில்லை. பை இன்னும் அங்கேயேதான் இருக்கிறது.

ஓட்டலில் அந்துவானிடமும் சொன்னேன். அவன், "சரிக்கா. இனிமே மிச்ச பாட்டிலை நான் கொட்டறேன். ருசி பார்க்கிறப்போ நான் பக்கத்துல நிக்கிறேன்" என்றான். இன்று என்னை ருசி பார்க்க விடவில்லை.

மே 17, வெள்ளி

புது பாட்டில்கள் வந்தன, நாலு வகை. அந்துவான் பக்கத்தில் நின்றான். மூன்றைத் துப்பினேன். நடுவில் அவனுக்கு ஒரு போன் வந்து வெளியே போனான். நாலாவது நல்ல கனமான சிவப்பு. துவர்ப்பு நாக்கில் நிற்கும்போதே தவறி உள்ளே இறங்கிவிட்டது என்று எழுதத்தான் பேனாவைத் திறந்தேன்.

அப்படி இல்லை. விழுங்கினேன்.

ஆட்டோவில் வரும்போது கிராம்பு பையில் இருந்தது, வாயில் போட்டுக்கொள்ளவில்லை. கதவைத் தட்டினேன். அவள் திறந்தாள். செருப்பைக் கழற்றக்கூட இல்லை, படியில் நின்றபடியே சொன்னேன்.

"மூணு துப்பினேன். ஒண்ணு விழுங்கிட்டேன்."

கதவைப் பிடித்துக்கொண்டு நின்றாள். சாத்திவிடப் போகிறாள் என்றுதான் நினைத்தேன். அப்புறம் கதவை அகலமாகத் திறந்துவிட்டு ஒதுங்கி நின்றாள்.

"உள்ள வாம்மா" என்றாள்.